மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

ருஸ்தாவி வண்டிச் சந்தையில்
மற்றவற்றைவிட உயரமாக நின்றதால்தான்
அது என் கண்ணில் பட்டது.
கறுப்பு. ஏழு இருக்கை. தோல் உறை.
"அமெரிக்காவில் ஒரே ஒரு பெண்மணி ஓட்டியது,
ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு மட்டும்"
என்றான் விற்றவன்.
எந்தத் தேவாலயம் ஆற்றுக்குள் இருக்கிறது என்று
கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.

ஜூலையில் நாற்றம் கிளம்பியது.
கண்ணாடியை இறக்கினால்
வலது பின்பக்கம் மட்டும் இறங்க மறுத்தது.
தரைவிரிப்பைப் பிய்த்துப் பார்த்தேன்.
இருக்கைத் தண்டவாளம் நெடுக
பாளம் பாளமாய்க் காய்ந்த சேறு.
இந்த நாட்டு மண்ணின் நிறமில்லை அது.
சேற்றுக்குள் ஒரு நத்தை ஓடு,
ஒரு மஞ்சள் பொத்தான்.
பொத்தானை ஏனோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சியாலா பள்ளியில் கணக்கு நடத்துகிறவள்.
சதுரக் கட்டம் போட்ட நோட்டில்
தேதி, பாகம், தொகை என்று மூன்று பத்தி பிரித்தாள்.
அக்டோபருக்குள் இரண்டாவது நோட்டு.
எண்ணெய் குடிக்கிறது, புகை இல்லை, கசிவும் இல்லை,
எங்கே போகிறதென்று எவனுக்கும் தெரியவில்லை.
உச்சிவெயிலில் இருக்கைச் சூடேற்றி தானாக எரிகிறது.
ராத்திரியில் பின் இடது மூலை
காற்றுப்போய் மெல்லத் தாழ்கிறது,
காலையில் பார்த்தால்
ஒரு காலை மடக்கிப் படுத்த எருமை.
யானையைக் கட்டித் தீனி போட்டாலும்
பார்க்க நாலு பேர் வருவார்கள் என்றாள்.

குடவூரிக்கு மேலே, கொண்டை ஊசி வளைவில்,
போலந்துக்காரர்கள் நாலு பேர் பின்னால் பாட,
மூன்றாம் கியரை விட்டு நான்காவதைப் பிடிக்காமல்
நழுவியது ஒரு கணம்.
எஞ்சின் கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை.
அந்த அரை நொடியில்
வண்டியை நான் ஓட்டவில்லை, யாருமே ஓட்டவில்லை.
கடன் தவணை நினைவுக்கு வந்தது.
பிறகு ஒரு உதை. பிடித்துக்கொண்டது.
பாட்டு நிற்கவில்லை.
தண்ணீர் குடிக்க என்று சொல்லி
அடுத்த திருப்பத்தில் ஓரங்கட்டினேன்.

திரையில் வழிகாட்டிப் பெண் இன்னும் அந்தப் பக்கத்தவள்தான்.
ஒருநாள் சும்மா "வீடு" என்பதைத் தொட்டேன்.
வழி கணக்கிடுகிறேன் என்றாள்.
திபிலிசி முழுக்கக் கடந்தும்
கணக்கிட்டுக்கொண்டே இருந்தாள்.

விற்றவனிடம் போய் நின்றேன்.
கடல் கடந்து வந்த வண்டி, தண்ணீர் படாமல் வருமா
என்று சிரித்தான்.

கடைசியில் விற்பனைப் பலகை மாட்டினேன்.
வந்தவன் பெயர் முர்த்தாஸ், ஜெஸ்தாபோனிக்காரன்.
பணத்தோடு வரவில்லை, வெள்ளை நிறத்தில்
இன்னொரு மலையை ஓட்டிக்கொண்டு வந்தான்.
மாற்றிக்கொள்வோமா என்றான்.
உன்னுடையதில் என்ன குறை என்றேன்.
முதலில் உன்னுடையதைச் சொல் என்றான்.
பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்,
ஒரு பெண்மணி, ஞாயிறு, தேவாலயம்.
வாயைத் திறப்பதற்குள் சியாலா
நோட்டைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்துவிட்டாள்.

பக்கம் பக்கமாகப் படித்தான்.
நடுவில் ஒருமுறை "இதுவும் எனக்கு" என்றான்.
இன்னொரு இடத்தில் "இது எனக்கு இன்னும் வரவில்லை"
என்று கொஞ்சம் பயந்து சொன்னான்.
பிறகு அவன் ஆரம்பித்தான்.
டைமிங் சங்கிலி, டர்போ, கூரைக்கண்ணாடி ஒழுகல்,
மச்சானிடம் வாங்கியதால் சண்டைகூடப் போட முடியாதது.
இரண்டு பானெட்டும் திறந்து கிடந்தன.
அடுக்குமாடிக் கிழவர்கள் சூரியகாந்தி விதை கொறித்தபடி
சுற்றி நின்று தீர்ப்பு சொன்னார்கள்.
இரண்டுமே தோற்றன.

இருட்டிய பிறகுதான் கிளம்பினான்.
மாற்றிக்கொள்ளவில்லை.
தெருமுனைவரை அவன் டர்போ ஊளையிட்டது கேட்டது.
எனக்கு எதுவோ லேசாகியிருந்தது,
தவணை அப்படியேதான் இருந்தது.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.
பின் இடது மூலை
தாழத் தொடங்கியிருந்தது.